ராஜா சர் அண்ணாமலை செட்டியார்: புயலுக்கு முன்னே தயாரான வணிகர்



கடலூரில் பஸ் ஏறி, ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் தாண்டிச் சிதம்பரத்தில் இறங்குகிறோம். அங்கிருந்து ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் போனால் அண்ணாமலை நகர். பஸ் போர்டிலும் தபால் உறையிலும் அந்தப் பெயரைப் பார்த்துப் பார்த்து நமக்குப் பழகிப் போய்விட்டது. ஆனால் அந்தப் பெயருக்கு உரியவர் நாடாண்ட மன்னரும் அல்ல, பெரிய பட்டங்கள் வாங்கிய பேராசிரியரும் அல்ல. அவர் ஒரு வியாபாரி. கொடுக்கல் வாங்கலும் வங்கித் தொழிலும் செய்தவர்.

ராஜா சர் அண்ணாமலை செட்டியாரைக் கல்வி வள்ளல் என்று பேச்சுப் போட்டிகளில் எல்லோரும் பேசுகிறோம். அது உண்மைதான். ஆனால் டிப்ளமோ முடித்துவிட்டு ஒரு லேத் பட்டறையோ, வயரிங் காண்ட்ராக்டோ, சின்னக் கம்பெனியோ நடத்தப் போகும் நமக்கு அவர் வாழ்க்கையில் இன்னொரு பாடமும் இருக்கிறது. அவர் வாழ்ந்த 66 வருஷத்தில் அவர் செய்த தொழிலின் மேல் மூன்று பெரும் புயல்கள் அடித்தன. 1906ல் ஒன்று, 1930ல் ஒன்று, 1942ல் ஒன்று. அவற்றுக்கு அவரும் அவர் சமூகத்தாரும் எப்படித் தயாராக இருந்தார்கள், எந்த இடத்தில் தவறினார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை.

கானாடுகாத்தான் பிள்ளை

1881ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் அண்ணாமலை பிறந்தார். தந்தையார் முத்தையா செட்டியார். சா.ராம.மு. என்ற முதலெழுத்துக்கள்தான் அந்தக் குடும்பத்தின் விலாசம். நகரத்தார் மத்தியில் விலாசம் என்றால் வீட்டு முகவரி இல்லை, தொழில் பெயர்! அந்த எழுத்துக்களைப் பார்த்தாலே ரங்கூனிலும் கொழும்பிலும் பினாங்கிலும் பணம் கைமாறும். ஒரு கையெழுத்துக்கு அவ்வளவு மதிப்பு வர வேண்டுமானால் மூன்று தலைமுறை வாக்குத் தவறாமல் இருந்திருக்க வேண்டும், இல்லீங்களா?

நகரத்தார் பிள்ளைகளுக்கு அந்தக் காலத்தில் தொழிற்படிப்பு கடையிலேதான். முதலில் பெட்டியடிப் பையனாகச் சேர வேண்டும். பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கணக்கெழுதுவதைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொள்ள வேண்டும். அப்புறம் அடுத்தாள். அதற்கும் அப்புறம்தான் மேலாள் ஆகலாம். நாம் அப்ரண்டிஸ் டிரெயினிங் போகிறோமே, அதே மாதிரிதான். பெரிய முதலாளி வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் வட்டிக் கணக்கை மனசிலேயே போடத் தெரியாதவனைத் தொழிலில் யாரும் மதிக்க மாட்டார்கள்.

1906 அக்டோபர் 22

அண்ணாமலை செட்டியாருக்கு அப்போது வயது 25. சென்னைப் பட்டணத்தில் பாரி, பின்னி, அர்பத்நாட் என்று மூன்று பெரிய வெள்ளைக்காரக் கம்பெனிகள் கொடிகட்டிப் பறந்தன. பாரி என்றால் நமக்குச் சொல்லவே வேண்டாம், நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலை இருக்கிறது. இந்த மூன்றில் அர்பத்நாட்தான் மிகவும் பலமானது என்று ஊரே நம்பியது. ரிட்டயர்டு அதிகாரிகள், ஜமீன்தார்கள், விதவைகள், வெள்ளைக்காரர், நம்மவர் என்று எல்லோரும் தங்கள் சேமிப்பை அங்கேதான் போட்டு வைத்திருந்தார்கள்.

1906 அக்டோபர் 22, திங்கட்கிழமை. அர்பத்நாட் கம்பெனி பணம் கொடுப்பதை நிறுத்திவிட்டது! அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் லண்டனில் அதன் கூட்டாளியான மக்ஃபேடியன் ரயில் முன் விழுந்து உயிரை விட்டிருந்தார். லண்டனில் நடந்த சூதாட்ட முதலீடுகள் சென்னை டெபாசிட்டுகளையும் விழுங்கிவிட்டன. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஒரே நாளில் தெருவுக்கு வந்தன. கம்பெனித் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்குப் பிறகு 18 மாதக் கடுங்காவல் தண்டனை கிடைத்தது. தண்டனை கிடைத்தது சரி, போன பணம் முழுசாகத் திரும்பியதா என்றால் இல்லை.

இந்த இடத்தில் நாம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். கம்பெனிகளுக்கு நஷ்டம் வருவது சகஜம். ஆனால் அர்பத்நாட் உள்ளே ஆட்டம் கண்டுகொண்டிருந்தபோது வெளியே ஒரு வார்த்தை சொல்லவில்லை. புது டெபாசிட்டுகளை வாங்கிக்கொண்டே இருந்தது. பாய்லரில் பிரஷர் ஏறுகிறது, கேஜை மட்டும் துணி போட்டு மூடி வைத்தால் எப்படி இருக்கும்? வெடிக்கும்வரை யாருக்கும் தெரியாது. வெடித்த பிறகு ஓடவும் நேரம் இருக்காது. அர்பத்நாட்டில் நடந்தது அதேதான்.

அழுதுகொண்டு நிற்காமல் அடுத்த காரியத்தைத் தொடங்கியவர் வழக்கறிஞர் வி.கிருஷ்ணசாமி ஐயர். பணம் போட்டு ஏமாந்தவர்களுக்காக வாதாடிய அவர், நம்மவர்களுக்கு என்று நாமே ஒரு வங்கி வைத்தால்தான் விடிவு என்று முடிவு செய்தார். அந்த நவம்பரிலேயே சுற்றறிக்கை போயிற்று. வதந்திகள் ஊரெல்லாம் பறந்துகொண்டிருந்த நேரத்தில், என்ன நடந்தது, இனி என்ன செய்யப் போகிறோம் என்று எழுத்தில் போட்டு மக்கள் கையில் கொடுத்தார்கள். மூலதனத்துக்கு நகரத்தார் முதலாளிகளை நாடினார்கள். 1907 மார்ச் 5ல் இந்தியன் வங்கி பதிவாயிற்று. 1907 ஆகஸ்ட் 15ல் கதவு திறந்தது. பெரிய பேங்க் விழுந்த பத்தாம் மாதத்தில் மக்கள் நம்பிப் பணம் போட ஒரு புது பேங்க்!

அதன் ஆரம்பகால இயக்குநர்களில் ஒருவர் அண்ணாமலை செட்டியாரின் அண்ணன் ராமசாமி செட்டியார். சிதம்பரத்துக்காரர்களுக்கு இவர் பெயரைச் சொல்லி அறிமுகம் செய்ய வேண்டியதில்லை, ராமசாமி செட்டியார் பள்ளிக்கூடம் ஒன்றே போதும். 1915ல் அண்ணாமலை செட்டியார் இந்தியன் வங்கியின் இயக்குநர் ஆனார்.

அது சாதாரண நேரம் இல்லை. 1913 முதல் 1917 வரை இந்தியாவில் எண்பதுக்கு மேற்பட்ட வங்கிகள் திவால் ஆயின. சுதேசி உற்சாகத்தில் போதிய ரொக்கக் கையிருப்பு இல்லாமல் ஆரம்பித்தவை பல. அந்தக் காற்றில் இந்தியன் வங்கி விழவில்லை. 1938ல் திருவாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் வங்கி விழுந்து தென்னாடே நடுங்கியபோதும் விழவில்லை. 1969ல் நாட்டுடைமை ஆகி இன்றும் நிற்கிறது.

கிட்டங்கியும் ஐந்தொகையும்

நகரத்தார் தொழிலில் புயலைத் தாங்கும் பலம் எங்கிருந்து வந்தது? பணம் நிறைய இருந்ததால் என்று சொல்லிவிடலாம். பணம் அர்பத்நாட்டிடமும்தான் இருந்தது. அவர்களுடைய முறைகளைப் பார்த்தால்தான் விஷயம் புரியும்.

முதலாவது, ஆள் மாற்று முறை. முதலாளி கானாடுகாத்தானில் இருப்பார், கடை ரங்கூனில் இருக்கும். கடையை நடத்துகிறவர் ஏஜெண்ட். அவருக்கு மூன்று வருஷக் கணக்கு. சம்பளம் என்ன, பொறுப்பு என்ன என்பது சம்பளச் சீட்டில் முன்கூட்டியே எழுதியிருக்கும். கெடு முடிந்ததும் அடுத்தவர் கப்பலில் வந்து இறங்குவார். பழையவர் கணக்கையும் வாடிக்கையாளர்களையும் அவரிடம் ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்புவார். ஒரே ஆளை நம்பிக் கடை இல்லை. ஏஜெண்டுக்கு உடம்பு சரியில்லை என்றால் அடுத்தாள் பெட்டியைப் பார்த்துக்கொள்வார்.

இரண்டாவது, கணக்கு. பேரேடு, வட்டிச் சிட்டை, ஐந்தொகை என்று ஒழுங்காக எழுதி, விவரத்தைக் கடிதத்தில் ஊருக்கு அனுப்ப வேண்டும். ஐந்தொகை என்பது நாம் தொழில் மேலாண்மைப் பாடத்தில் படிக்கிற இருப்புநிலைக் குறிப்பு மாதிரி. வரவு, பற்று, லாபம், நஷ்டம் எல்லாம் ஒரே தாளில் தெரிந்துவிடும். கடல் கடந்த கடையின் நிலவரம் செட்டிநாட்டு வீட்டுத் திண்ணையில் தெரியும். நஷ்டத்தை மறைக்கிற ஏஜெண்டுக்கு அடுத்த தடவை எந்தக் கடையிலும் இடம் கிடையாது. கெட்ட செய்தி முதலாளிக்கு முதலில் தெரிய வேண்டும் என்பதுதான் அந்த முறையின் உயிர்நாடி.

மூன்றாவது, கிட்டங்கி. ஒரே நீளமான கூடத்தில் பல கடைகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஆளுக்கு ஒரு பெட்டி, ஒரு சாய்வு மேஜை, அவ்வளவுதான். போட்டிக் கடைக்காரர் இரண்டடி தூரத்தில் உட்கார்ந்திருப்பார்! யார் கடனைத் திருப்பவில்லை, எந்தச் சரக்கு விலை இறங்குகிறது என்பதெல்லாம் சாயங்காலத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். ரங்கூன் மொகல் தெருவில் மாதம் ஒரு நாள் நகரத்தார் கோயிலில் கூடி நடப்பு வட்டி என்ன என்று சேர்ந்து நிர்ணயிப்பார்கள். ஒரு கடைக்குத் திடீரென்று பண நெருக்கடி வந்தால் மற்றக் கடைகள் கைமாற்றுக் கொடுத்துத் தாங்கும். போட்டி போட்டுக்கொண்டே ஒருவரை ஒருவர் தாங்குவது பெரிய விஷயம் என்றால் மிகையாகாது.

இந்த முறைகளை அண்ணாமலை செட்டியார் கண்டுபிடிக்கவில்லை. அவை அவருக்கு முன்னோர் விட்டுச் சென்ற சொத்து. ஆனால் அவர் அதோடு நிற்காமல், கூட்டுப்பங்கு வங்கி என்ற புது முறையிலும் காலை ஊன்றினார். பழைய முறையில் கடை நொடித்தால் முதலாளியின் வீடு வாசல் வரை கடன்காரன் வருவான். லிமிடெட் கம்பெனியில் போட்ட பங்குக்கு மட்டும்தான் பொறுப்பு. 1929ல் அவர் செட்டிநாடு வங்கியை லிமிடெட் கம்பெனியாகத் தொடங்கியதை இந்தக் கண்ணோடு பார்த்தால் அர்த்தம் விளங்கும்.

சிதம்பரத்தில் போட்ட முதல்

1920ல் சிதம்பரத்தில் ஸ்ரீ மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். கொள்ளிடத்துக்கும் வெள்ளாற்றுக்கும் இடையில் வயல்வெளியாகக் கிடந்த ஊரில் கல்லூரியா என்று கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். பிறகு தமிழுக்கு, வடமொழிக்கு, இசைக்கு என்று வரிசையாகக் கல்லூரிகள் வந்தன. 1923ல் சர் பட்டம் வந்தது. 1929 ஜனவரி 1ல் இந்தக் கல்லூரிகளையெல்லாம் ஒன்று சேர்த்து, 20 லட்ச ரூபாய் நன்கொடையும் கொடுத்து, அரசுச் சட்டத்தின் கீழ் அண்ணாமலைப் பல்கலைக்கழகமாக ஆக்கினார். அந்தக் காலத்து 20 லட்சம்! அதே ஆண்டு செட்டிநாட்டு அரசர் என்ற பரம்பரைப் பட்டமும் கிடைத்தது. 1945ல் இங்கே பொறியியல் கல்வியும் தொடங்கியது. நம் மாவட்டத்தில் தொழில்நுட்பக் கல்விக்கு அது ஒரு பெரிய விதை.

தமிழிசை விஷயத்தையும் சொல்லாமல் போகக் கூடாது. தமிழ்நாட்டுக் கச்சேரிகளில் தமிழ்ப் பாட்டுக்கு உரிய இடம் இல்லை என்ற குறை அவருக்கு இருந்தது. அதைத் தீர்க்க முன்வந்தபோது சென்னை சங்கீத உலகத்தில் பலத்த எதிர்ப்புக் கிளம்பியது. அவர் கோபப்பட்டு ஒதுங்கவில்லை. 1941ல் அண்ணாமலை நகரிலேயே தமிழிசை மாநாடு கூட்டினார். கல்கி, ராஜாஜி, ரசிகமணி டி.கே.சி. போன்றவர்கள் ஆதரவாக எழுதினார்கள், பேசினார்கள். 1943ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் எழுந்தது. பணத்தை மட்டும் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தால் அது நன்கொடையோடு முடிந்திருக்கும். காரணத்தை ஊரறியச் சொன்னதால் அது இயக்கம் ஆயிற்று.

பர்மா: தயாராக இருந்தும் தவறிய இடம்

இனி கொஞ்சம் கசப்பான பகுதி. வாழ்க்கை வரலாறு என்றால் புகழ்ந்து மட்டும் எழுத வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லையே.

1930 வாக்கில் பர்மாவில் சுமார் 1,650 நகரத்தார் கடைகள் இருந்தன. ஐராவதி டெல்டாவின் நெல் விவசாயம் பெரும்பாலும் இவர்கள் கொடுத்த கடனில்தான் நடந்தது. காட்டைத் திருத்தி வயல் ஆக்கிய பர்மிய விவசாயி நிலத்தை அடமானம் வைத்துக் கடன் வாங்குவான். அறுவடையானதும் அரிசி விற்றுக் கட்டுவான். நெல்லுக்கு நல்ல விலை இருக்கும்வரை இரண்டு பக்கமும் லாபம்தான்.

1929ல் அமெரிக்காவில் பங்குச் சந்தை விழுந்தது. அதன் அலை பர்மாவுக்கு வந்து சேர்ந்தபோது நெல் விலை பாதிக்கும் கீழே இறங்கிற்று. விவசாயி வட்டி கூடக் கட்ட முடியவில்லை. ஈடாக வைத்த நிலம் கடைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930ல் நிலத்தில் நூற்றுக்கு 6 பங்குதான் செட்டியார்கள் கையில் இருந்தது. 1937-38 வாக்கில் அது நூற்றுக்கு 25 பங்கு ஆகிவிட்டது!

வெளியிலிருந்து பார்த்தால் சொத்து பெருகியது போலத் தெரியும். உண்மையில் அவர்களுக்கு வேண்டியது நிலம் இல்லை, ரொக்கம். கடன் கொடுக்கிறவனுக்கு நிலம் என்பது கையில் மாட்டிய விலங்கு மாதிரி. விற்கவும் ஆள் இல்லை, உழவும் தெரியாது. ஆனால் பர்மிய விவசாயியின் கண்ணுக்கு என்ன தெரிந்தது? தாத்தா திருத்திய வயல் இந்தியச் செட்டியாரின் பெயருக்குப் போய்விட்டது, அவ்வளவுதான். 1930 மே மாதம் ரங்கூனில் இந்தியர்களுக்கு எதிரான கலவரம். அந்த டிசம்பரில் சாயா சான் தலைமையில் விவசாயிகள் கிளர்ச்சி. 1937 ஏப்ரல் 1ல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தது. 1938ல் மறுபடியும் கலவரம்.

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டியது இருக்கிறது. நகரத்தார் கணக்கில் தயாராக இருந்தார்கள், ஆளில் தயாராக இருந்தார்கள். தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள், பிரிட்டிஷ் அரசிடமும் பாதுகாப்புக் கேட்டுப் பேசினார்கள். கடன் வாங்கிய பர்மிய விவசாயியிடம் மட்டும் பேசும் வழி வைத்திருக்கவில்லை. அவனுடைய மொழியில், அவனுடைய கிராமத்தில், விலை விழுந்தால் இன்ன மாதிரி கெடு நீட்டிப்பு, நிலத்தை மீட்க இன்ன வழி என்று முன்கூட்டியே ஏற்பாடும் அறிவிப்பும் பரவலாக இருந்திருந்தால் அந்தப் பகை அவ்வளவு முற்றியிருக்குமா? முழுசாகத் தவிர்த்திருக்க முடியாது. உலகமே சரிந்த காலம் அது, அரசியலும் அதில் கலந்தது. ஆனால் நிலம் இழந்தவனின் கோபத்துக்கு நியாயம் இருந்தது. அந்தக் கோபத்தைக் கேட்க ஒரு காதுகூட இல்லாமல் போனதுதான் பெரிய குறை.

1942: கொடுத்தது நின்றது

1941 டிசம்பரில் ஜப்பான் போரில் இறங்கியது. 1942 மார்ச்சில் ரங்கூன் விழுந்தது. லட்சக்கணக்கான இந்தியர்கள் கப்பல் கிடைத்தால் கப்பலில், கிடைக்காதவர்கள் காடும் மலையும் வழியாக நடந்தே கிளம்பினார்கள். வழியில் காலராவிலும் பசியிலும் மாண்டவர்கள் ஆயிரக்கணக்கில். கடைகளும் நிலங்களும் அப்படியே நின்றுபோயின. இந்தியன் வங்கியும் 1940, 1941ல் பர்மாவிலும் மலாயாவிலும் திறந்த கிளைகளை மூட வேண்டியதாயிற்று. மாதாமாதம் கணக்கை ஊருக்கு அனுப்பி வைத்திருந்த கடைகளுக்கு, எவ்வளவு போயிற்று என்றாவது தெரிந்தது.

போர் முடிந்தும் பழைய நிலை திரும்பவில்லை. 1948 ஜனவரி 4ல் பர்மா சுதந்திரம் அடைந்தது. அந்த ஆண்டே நில நாட்டுடைமைச் சட்டம் வந்தது. பின்னால் 1960களில் ராணுவ ஆட்சி மிச்சம் மீதியையும் எடுத்துக்கொண்டது. அதையெல்லாம் முழுசாகப் பார்க்க அண்ணாமலை செட்டியார் இல்லை. 1948 ஜூன் 15ல் அவர் காலமானார்.

இப்போது கணக்கைக் கூட்டிப் பாருங்கள். பத்திரம் போட்டு, பூட்டு போட்டுப் பாதுகாத்த பர்மாச் சொத்து போயிற்று. யாரோ பெற்ற பிள்ளைகள் படிக்கட்டும் என்று சிதம்பரத்து வயல்வெளியில் கொடுத்தது நின்றது. சென்னையில் நாலு பேரோடு சேர்ந்து ஆரம்பித்து, சட்டத்தின் கீழ் வளர்ந்த வங்கி நின்றது. தனி ஒருவர் கையிலிருந்து எடுத்துப் பொதுவில் வைத்தவைதான் புயலைத் தாண்டி வந்தன!

அப்படி நின்ற பல்கலைக்கழகத்துக்கும் பின்னால் ஒரு புயல் வந்தது நமக்கெல்லாம் தெரியும். 2012 கடைசியில் கடும் நிதி நெருக்கடி. ஊழியர் எண்ணிக்கை அளவுக்கு மீறிப் போயிருந்தது. சம்பளம் குறையும் என்ற செய்தி வந்ததும் ஆசிரியர்களும் ஊழியர்களும் போராட்டத்தில் இறங்கினார்கள். 2013 ஏப்ரலில் தமிழக அரசு நிர்வாகியை நியமித்தது. அதே ஆண்டு தனிச் சட்டம் இயற்றிப் பல்கலைக்கழகத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. நிறுவியவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் பிரஷர் கேஜை அடிக்கடி பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதற்கு இது நம் ஊர்ச் சாட்சி.

நமக்கு என்ன?

கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்குப் புயல் என்பது உவமை இல்லை. 2004 டிசம்பர் 26 சுனாமி, 2011 டிசம்பர் 30 தானே புயல், 2015 வெள்ளம் எல்லாம் நம்ம வீட்டு வாசலுக்கே வந்தவை. தானே அடித்த பிறகு பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. பட்டறை வைத்திருந்தவர்கள் மிஷின் நின்றது, ஆர்டர் நின்றது, பார்ட்டிக்குப் போன் போடக்கூட வழியில்லை. நாளைக்கு நாம் தொழில் வைத்தால் இதெல்லாம் நமக்கும் வரும். அதனால் செட்டியார் வாழ்க்கையிலிருந்து நான்கு விஷயங்களை நோட்டில் குறித்துக்கொள்வோம்.

ஒன்று, கணக்கும் முகவரியும் இரண்டு இடத்தில் இருக்க வேண்டும். ரங்கூன் கணக்கு கானாடுகாத்தானில் இருந்தது போல, கடைக் கணக்கின் நகல் வீட்டில் இருக்கட்டும். வாடிக்கையாளர், சப்ளையர், தொழிலாளர் போன் நம்பர்கள் காகிதத்திலும் இருக்கட்டும். செல்போன் தண்ணீரில் விழுந்தால் காகிதம்தான் துணை.

இரண்டு, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்காதே. ஒரே கம்பெனியின் ஆர்டர், ஒரே சப்ளையர், வேலை தெரிந்த ஒரே ஆள் என்று இருந்தால் அந்த ஒன்று போனால் கடையும் போச்சு. டிசைன் பாடத்தில் ஃபாக்டர் ஆஃப் சேஃப்டி போடுகிறோம், தொழிலுக்குப் போட மாட்டோமா? அடுத்தாளைப் பழக்கி வைப்பதும் அதில் சேர்த்திதான்.

மூன்று, கெட்ட செய்தியை முதல் நாளே சொல்லிவிடு. யார் சொல்வது, யாருக்கு முதலில் சொல்வது என்பதை நல்ல நாளிலேயே முடிவு செய்து வை. இன்ன தேதிக்குச் சரக்கு வராது, இன்ன தேதிக்கு வரும், இடையில் இன்னது செய்கிறோம் என்று சொன்னால் பார்ட்டி கோபப்படுவான், ஆனால் காத்திருப்பான். மறைத்தால் அர்பத்நாட் கதைதான். நாம் சொல்லாவிட்டால் நமக்குப் பதிலாக வதந்தி பேசும்.

நான்கு, மிக முக்கியமானது. பெரியவர்களிடம் மட்டும் பேசினால் போதாது. பேங்க் மேனேஜரிடமும் அதிகாரியிடமும் நாம் பேசிவிடுவோம். கூலி வாங்கும் தொழிலாளி, கடனுக்குப் பொருள் வாங்கியவர், பட்டறைக்குப் பக்கத்துத் தெருக்காரர், இவர்களிடம் யார் பேசுவது? கெமிக்கல் பிரிவு நண்பர்கள் நாளைக்கு ஆலைகளில் வேலைக்குப் போகும்போது இதை மறக்கக் கூடாது. வாயுக் கசிவு என்றால் எந்தச் சங்கு ஊதும், எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பது ஆலைக்குள் இருப்பவனுக்குத் தெரிந்தால் மட்டும் போதுமா? வேலிக்கு வெளியே இருக்கும் ஊர்க்காரனுக்கும் தெரிந்திருக்க வேண்டும், அவனுக்குப் புரிகிற பேச்சில், முன்கூட்டியே. பர்மாவில் விட்டுப்போன பாடம் அதுதான்.

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பது பழமொழி. அணை போட்டுவிட்டு, எங்கே போட்டிருக்கிறோம் என்று கீழே குடியிருக்கிறவர்களுக்கும் சொல்ல வேண்டும் என்பது ராஜா சர் அண்ணாமலை செட்டியார் காலத்து வரலாறு நமக்குச் சேர்த்துக் கொடுக்கும் வரி. இந்த வருஷம் டிப்ளமோ முடித்து வெளியே போகும் அண்ணன்மார், அக்காமார் அனைவரும் அப்படிப்பட்ட தொழில் முனைவோராக உயர வாழ்த்துகிறோம்.